காம்பெசினோ அ காம்பெசினோ

காம்பெசினோ அ காம்பெசினோ என்பது நடு அமெரிக்க மலைச்சரிவுகளில் சிறு விவசாயிகளே தொண்டர்களாக நின்று, மண்ணைக் காக்கும் முறைகளை மற்ற விவசாயிகளுக்குக் கற்றுத்தரும் இயக்கம். பெயரின் பொருள் ‘விவசாயியிடமிருந்து விவசாயிக்கு’. குவாத்தமாலாவில் தொடங்கி மெக்சிகோ, ஹோண்டுராஸ், நிகரகுவா, கியூபா ஆகிய நாடுகளில் பரவியது.

தோற்றம்

குவாத்தமாலாவில் நல்ல சமவெளி நிலமெல்லாம் பெரும் பண்ணைகளின் கையில் இருந்தது. கக்சிக்கெல் மாயா மக்களுக்கு வாய்த்தது செங்குத்தான சரிவு. அதில் மக்காச்சோளம் விதைத்தார்கள்; ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போயிற்று. 1972இல் வேர்ல்டு நெய்பர்ஸ் என்ற தொண்டு நிறுவனம், ஆக்ஸ்ஃபாம் உதவியோடு, சிமால்தெனாங்கோ பகுதியின் சான் மார்ட்டின் ஹிலோத்தெபெக்கேயில் வேலையைத் தொடங்கியது. மண் பாதுகாப்பில் தேர்ந்த மார்கோஸ் ஒரோஸ்கோ முதல் விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். வெளியிலிருந்து வந்த நிபுணரின் பங்கு ஏறக்குறைய அதோடு முடிந்தது என்பதுதான் இந்த இயக்கத்தின் சிறப்பு. கற்றவர்கள் அடுத்த ஊருக்குக் கற்பிக்கப் போனார்கள்.

கருவியும் பயிரும்

முதலில் கற்பித்தது ஏ-சட்டம் என்ற கருவியை. ஆள் உயரக் கம்புகள் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, இடையில் ஒரு குறுக்குக் கம்பு வைப்பார்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல் தொங்கும்; கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்யும் வேலையை அது செய்யும். கால்களை ஊன்றி, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். கால்களை இடம் மாற்றி ஊன்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே போடும் கோடுதான் மட்டம். பிறகு, கயிறு அந்தக் கோட்டிலேயே நிற்கும்படி காலை மாற்றி மாற்றி வைத்து, முளை அடித்துக்கொண்டே சரிவின் குறுக்கே போனால் சம உயரக் கோடு கிடைத்துவிடும். எழுத்தறிவோ விலைக்கு வாங்கிய கருவியோ தேவையில்லை.

அந்தக் கோட்டில் வாய்க்கால் வெட்டி மேல்கரையில் நேப்பியர் புல் நட்டார்கள். புல் மண்ணைப் பிடித்தது, மாட்டுக்கும் தீவனமானது. ஹோண்டுராஸில் மக்காச்சோளத்துக்கு இடையே பூனைக்காலிக் கொடியைப் படரவிட்டார்கள். நம் ஊர் வேலிகளில் தொட்டால் அரிக்கிற அதே பூனைக்காலிதான், சுணை இல்லாத வகை. அது தழைச்சத்தைச் சேர்ப்பதோடு களையையும் அமுக்கிவிடும்.

கற்பிக்கும் முறை

வயலின் ஒரு மூலையில் செய்து பார்த்த பிறகே மற்ற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றிரண்டு உத்திகள் போதும். இலவசமாக எதுவும் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றில் கடைசி விதிதான் கடினமானது, முக்கியமானதும்கூட. தானியம் வாங்கிக்கொண்டு வரப்பு போட்டவர், தானியம் நின்றதும் வரப்பை மறந்துவிடுவார். ஹோண்டுராஸின் குயினோப்பேயில் 1981 முதல் 1989 வரை நடந்த திட்டத்திலும் இவையே கடைப்பிடிக்கப்பட்டன. அதில் பணியாற்றிய ரோலண்ட் பன்ச் 1982இல் வெளியிட்ட நூல் இந்த முறையை உலகறியச் செய்தது.

பரவல்

1980களின் தொடக்கத்தில் குவாத்தமாலா ராணுவம் கிராமத் தலைவர்களை வேட்டையாடியபோது, பயிற்றுநர்கள் பலர் கொல்லப்பட்டனர். சிலர் மெக்சிகோவுக்குத் தப்பினர். அதற்கு முன்பே கக்சிக்கெல் விவசாயிகள் மெக்சிகோவின் திலாஸ்கலா மாநிலத்து விசென்தே கெரேரோ கிராமத்துக்கு இதைக் கொண்டுபோயிருந்தனர். அங்கே கற்றவர்கள் 1987இல் நிகரகுவா சென்று, யுனாக் என்ற விவசாயிகள் சங்கத்தாருக்குக் கற்பித்தனர். 1997இல் கியூபாவின் சிறு விவசாயிகள் சங்கமான அனாப் இதை ஏற்று நாடு முழுவதும் நடத்தியது.

மிட்ச் சூறாவளி

1998 அக்டோபர் இறுதியில் வந்த மிட்ச் சூறாவளி இப்பகுதியைச் சிதைத்தது. அதன்பின் எரிக் ஹோல்ட்-ஹிமெனெஸ் ஒருங்கிணைத்த ஆய்வில், விவசாயிகளும் தொழில்நுட்பப் பணியாளர்களும் சேர்ந்து, மண் காத்த வயலையும் அருகிலிருந்த வழக்கமான வயலையும் ஜோடி ஜோடியாக அளந்தார்கள். மண் காத்த வயல்களில் மேல்மண்ணும் ஈரமும் கூடுதலாக இருந்தன, அரிப்பு குறைவாக இருந்தது. ஆனால் மிகக் கடுமையான அடி விழுந்த இடங்களில் சில அளவைகளில் இந்த வேறுபாடு மறைந்தது. தன் வயலைக் காத்தவரும், மேலே பராமரிப்பில்லாத சரிவு பெயர்ந்து வந்தபோது தப்பவில்லை.

குறைகளும் நீடிப்பும்

குத்தகை நிலத்தில் இந்த முறை எளிதில் வேரூன்றுவதில்லை. அடுத்த போகத்தில் யார் உழப்போகிறார் என்று தெரியாத நிலத்தில் யார் வாய்க்கால் வெட்டுவார்? சொந்த நிலம் உள்ளவர்களுக்கும் வாய்க்கால் வெட்டும் உழைப்பு சுமைதான். 1994இல் பன்ச் குழுவினர் பழைய ஊர்களுக்குத் திரும்பிப் பார்த்தபோது, கற்பித்த உத்திகள் பல கைவிடப்பட்டிருந்தன. விளைச்சல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. சான் மார்ட்டினில் அவர்கள் பார்த்த ஊர்களில், 1972இல் ஹெக்டேருக்குச் சுமார் 400 கிலோவாக இருந்த மக்காச்சோளம், திட்டம் முடிந்த 1979இல் ஏறத்தாழ 2,500 கிலோவாகவும், 1994இல் சுமார் 4,500 கிலோவாகவும் உயர்ந்திருந்தது. விட்ட உத்திகளுக்குப் பதிலாக விவசாயிகள் தாங்களே சோதித்துக் கண்ட வேறு முறைகள் வந்திருந்தன. புதுப் பயிர்களும் வந்திருந்தன.