லெகோ கட்டைகளில் பழைய வீட்டுக் கணினிகள்

பழைய வீட்டுக் கணினிகளை லெகோ கட்டைகளால் மாதிரி உருவாகக் கட்டுவது, 1970, 80களில் அக்கணினிகளோடு வளர்ந்தவர்கள் நடுவயதை எட்டியபோது பரவிய கைவேலை.

கட்டைக்கும் கணினிக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் இயங்கும் லெகோ நிறுவனம் இன்றைய கட்டைக்குக் காப்புரிமை கோரியது 1958இல். 1963 முதல் அது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியது. கமடோர் 64 (1982), மெக்கின்டாஷ் (1984) ஆகியவற்றின் கூடும் அதே வகைப் பிளாஸ்டிக்தான். 1980களின் நடுவில் மோட்டார் பூட்டிய லெகோ பொறிகளை ஆப்பிள் II கணினி கொண்டு பிள்ளைகள் இயக்கினார்கள். இதில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்களின் பங்கு பெரிது.

மாதிரி கட்டுவோருக்கு வழி திறந்தவை இரண்டு. ஆஸ்திரேலியர் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995இல் எழுதிய எல்டிரா மென்பொருள், கட்டையைத் தொடுமுன் திரையிலேயே கட்டிப் பார்க்க உதவியது. 2000இல் தொடங்கிய பிரிக்லிங்க் சந்தையில், வேண்டிய நிறத்தில் வேண்டிய கட்டையை மட்டும் வாங்க முடிந்தது.

நிறமே இக்கலையின் பெருஞ்சிக்கல். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை நீலச் சாயலுக்கு மாற்றியது. அக்காலக் கணினிகளின் மங்கிய சாம்பலுக்குப் பழைய கட்டைகளே பொருந்துவதால் பலர் இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

அளவில் மிக இணக்கமானது பிரிட்டனின் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் (1982). அதன் ஆழம் 144 மி.மீ.; மேற்புறக் குமிழ்கள் ஒன்றுக்கொன்று 8 மி.மீ. இடைவெளியில் அமைந்த கட்டையில் அது சரியாக 18 குமிழ். 30 மி.மீ. உயரத்தை, 9.6 மி.மீ. உயரக் கட்டைகள் மூன்று ஏறத்தாழ எட்டிவிடும். ஆனால் மூலையில் சாய்ந்தோடும் நான்கு வண்ணப் பட்டை எளிதில் வசப்படாது. கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பூட்டிக் குமிழை மறைக்கத் தெரிந்தவருக்கே அது அழகாக அமையும்.

கையகல மாதிரிகளால் பெயர் பெற்ற கனடாவின் கிறிஸ் மெக்வே பின்னர் லெகோவிலேயே வடிவமைப்பாளரானார். 2017இல் பெர்லின் நிரலாளர் ஒருவர் சிறு மெக்கின்டாஷ் கட்டி, ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியும் மின்தாள் திரையும் உள்ளே வைத்து இயங்கச் செய்தார். லெகோ நிறுவனமே நின்டெண்டோ (2020), அட்டாரி 2600 (2022) விளையாட்டுப் பெட்டிகளின் மாதிரிகளை வெளியிட்டது. அட்டாரியில் 2,532 துண்டுகள்.

வெயில் பட்டால் பழைய கணினியைப் போலவே வெளிர்நிறக் கட்டையும் மஞ்சளாகும். மாதிரி செய்து வைத்திருப்பவர்கள் அதை ஜன்னலோரம் வைக்காதீர்கள்.