இறந்த பிறகும் முத்திரை குத்திய மகாராணி!

ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து இணைய ஏலத்தில் விற்பனைக்கு நிற்கும் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் சிலவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. பக்கவாட்டில் கிரீடம், அதன் கீழ் விக்டோரியா மகாராணியைக் குறிக்கும் 'வி.ஆர்.' என்ற எழுத்துகள், அதற்கும் கீழே 1901-க்குப் பிந்தைய ஒரு வருஷம். மகாராணி 1901 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். அதன்பின் எட்வர்டின் 'ஈ.ஆர்.', 1910 முதல் ஜார்ஜின் 'ஜி.ஆர்.' என்றல்லவா இருக்க வேண்டும்?

மார்ட்டினி-ஹென்றி 1871-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. ஒரு முறைக்கு ஒரே தோட்டா. 1880-இல் மைவாந்தில் பிரிட்டிஷார் தோற்றபோது அவர்கள் கையில் இருந்ததும் இதுதான். எல்லைப்புறப் பழங்குடியினருக்கு இதன்மேல் தீராத ஆசை. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் அஃப்ரிதி கொல்லர்கள் அரமும் சுத்தியலும் வைத்துக்கொண்டே இதைப் பிரதி எடுத்தார்கள். முத்திரையையும் விடவில்லை. முத்திரை இருந்தால்தான் வாங்குபவன் நம்புவான்! ஆனால் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. பார்த்ததை அப்படியே வரைந்தார்கள். அதனால் 'என்ஃபீல்டு' என்ற பெயரில் 'என்' எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கும். தொழிற்சாலை எழுத்து அச்சால் அடித்தது, ஒரே ஆழம். இதுவோ உளியால் கொத்தியது, கோடு கோணலாக ஓடும்.

இதுவரை இது கொல்லனின் கைத்திறமை என்றே சொல்லலாம். ஏமாற்று முற்றியது 2001-க்குப் பிறகு. ஆப்கானிஸ்தான் சென்ற அமெரிக்கச் சிப்பாய்கள் கடைவீதிகளில் நினைவுப்பொருள் தேடினார்கள். அமெரிக்கச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கிதான் 'பழம்பொருள்'. ஊருக்குக் கொண்டுபோவது சுலபம். அதனால் உலோகத்தில் கொத்திய நான்கு இலக்கத்துக்கே விலை வந்துவிட்டது. வருஷத்தைச் சரியாகக் கொத்தக் கற்றுக்கொண்டவனிடம் மகாராணிக் கணக்கு எடுபடாது.

அப்போது துருவைப் பார்க்க வேண்டும். இரும்பு அரித்துக் குழி விழுந்திருக்க, எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால் அது பின்னால் கொத்தியது. அசல் குழலுக்குள் ஏழு வரிப்பள்ளங்கள் சீராகச் சுற்றிச் செல்லும்.

காசு போவதோடு முடிந்தால் பரவாயில்லை. அசலே கருமருந்துத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. கிடைத்த இரும்பில் அடித்த பிரதியில் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்தால் குழல் முகத்தருகே வெடிக்கலாம். "நன்றாகச் சுடும்" என்று விற்பவர் எழுதியிருந்தால் அங்கேயே விலகிவிடுவது நல்லது.

இன்னொரு குழப்பமும் உண்டு. தேவநாகரி எழுத்து இருந்தால் உடனே போலி என்று தள்ளிவிடக் கூடாது. நேபாள அரசு மார்ட்டினி வகைத் துப்பாக்கிகளைத் தானே செய்துகொண்டது. காத்மாண்டு அரண்மனைக் கிடங்கில் கிடந்த அவற்றை 2003-இல் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கினார்கள். கைவேலைதான், கரடுமுரடுதான்... ஆனால் அவை அசல்.