இரண்டு நிமிட விமானப் பயணம்

ஸ்காட்லாந்தின் வடகோடிக்கு அப்பால் ஆர்க்னித் தீவுக்கூட்டம் உள்ளது. அங்குள்ள வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு தீவுகளின் விமானத் தளங்களுக்கு இடையே 2.7 கிலோமீட்டர்தான் தொலைவு. பெரிய விமான நிலையத்தின் ஓடுபாதையே இவ்வளவு நீளம் இருக்கும். எனினும் 1967இல் லோகன்ஏர் நிறுவனம் இங்கு விமானப் போக்குவரத்தைத் தொடங்கியது. ஏன்?

இடையில் இருப்பது கடல். புயற்காற்று வீசும் நாளில் படகில் கடப்பது கடினம். குறுகிய ஓடுபாதையிலும் ஏறி இறங்கவல்ல 'ஐலண்டர்' என்னும் இரட்டை எஞ்சின் சிறு விமானம் அவ்வாண்டில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. ஆசிரியரும் மருத்துவரும் நோயாளியும் அதில் ஏறிக் கடலைத் தாண்டினர்.

கால அட்டவணைப்படி இப்பயணத்துக்கு 2 நிமிடம். மிக விரைவாகப் பறந்து முடித்த சாதனை நேரமோ 53 வினாடி! கணக்கிட்டுப் பாருங்கள்: சராசரி வேகம் மணிக்குச் சுமார் 183 கிலோமீட்டர். காற்று பின்னிருந்து வீசினால் தரையை ஒப்பிட்ட வேகம் கூடும். எதிர்த்து வீசினால் குறையும். ஆகவே ஒரே தொலைவுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நேரம் ஆகிறது.

மூடுபனி அடர்ந்தால் விமானம் எழாது. அன்று தீவு மக்களுக்கு அந்த 2.7 கிலோமீட்டரும் நெடுந்தொலைவே.