குதிரைவாலிக்கு ஒரு சமையல் பாடம்

2013-ம் ஆண்டை 'சர்வதேச கினோவா ஆண்டு' என்று அறிவித்தது ஐ.நா. சபை. 'கினோவாவா? அது எந்த ஊர் நடிகை?' என்று கேட்டவர்கள்தான் அன்று நம்மில் அதிகம். அடுத்த சில வருடங்களில் அது நம்ம ஊர் சூப்பர் மார்க்கெட் அலமாரிக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. பாக்கெட்டின் பின்புறம் சமையல் குறிப்பு வேறு. 'நன்றாகக் கழுவவும். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றவும். மூடி வேகவிடவும்.'

ராஜபாளையத்துக்குக் கிழக்கே, ஏதாவதொரு கரிசல் கிராமத்துப் பாட்டியிடம் இதை வாசித்துக் காட்டிப் பாருங்கள். 'இதுக்குப் போயி ஒரு பொஸ்தகமா? குதிரவாலிய நாங்க இப்படித்தானப்பா பொங்குனோம்!' என்பார்.

சிரிப்பு இருக்கட்டும். பொலிவியாவின் கினோவாவுக்கும் நம்ம குதிரைவாலிக்கும் நடந்த கதை ஏறக்குறைய ஒன்று. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

முதலில் கினோவா. தென் அமெரிக்காவின் ஆண்டஸ் மலைத்தொடரில், டிட்டிகாகா ஏரியைச் சுற்றியுள்ள மேட்டு நிலம்தான் அதன் தாய்வீடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 12,500 அடி உயரம். குளிர், வறட்சி, உவர் மண் எல்லாவற்றையும் தாங்கி வளரும். உண்மையில் அது நெல், கோதுமை மாதிரி புல் இனமே அல்ல. ஒரு கீரையின் விதை! நம்ம ஊர் சக்கரவர்த்திக் கீரைக்குப் பங்காளி. விதையின் மேல் கசப்பான ஒரு பூச்சு உண்டு; கழுவினால் சோப்பு மாதிரி நுரைக்கும். பறவைகள் அதைத் தொடாமல் இருப்பதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம். 'கழுவவும்' என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறார்களே, அதன் ரகசியம் இதுதான்.

இன்கா மக்கள் அதைத் 'தானியங்களின் தாய்' என்று கொண்டாடினார்கள். 1532-ல் பிஸாரோ என்ற ஸ்பானியத் தளபதி வந்து இன்கா மன்னனைச் சிறைபிடித்தான். அதன்பின் மெல்ல மெல்லக் கோதுமையும் பார்லியும் 'துரைமார் சாப்பாடு' ஆயின. கினோவா? 'மலைவாசிகள் தின்பது' என்று ஒதுக்கப்பட்டது. ஏழைக் குடியானவர்களின் அடுப்படியில் மட்டும் சுமார் 400 வருடங்கள் ஒளிந்து உயிர் பிழைத்தது.

சரி, இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டுக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. மலையடிவாரத்தில் கண்மாய்கள், நெல் வயல், தென்னை, மாந்தோப்பு. கிழக்கே போகப் போக மண் கறுத்துக்கொண்டே போகும். அங்கே வானம்தான் கண்மாய். பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி... இவைதான் கரிசலின் செல்வம். சில மைல் தூரத்துக்குள் இரண்டு உலகம், இரண்டு சாப்பாடு!

இதில் எது ஒசத்தி? சந்தேகமே வேண்டாம், நெல்தான். ஆண்டாள் பிறந்த ஊர் ஆயிற்றே! திருப்பாவையின் 27-ம் பாசுரத்தில், நோன்பு முடித்த பெண்கள் சாப்பிடுவது நெய் முழங்கை வரை வழியும் பால்சோறு. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டவரும் அவர்தான். ஆக, கடவுளுக்குப் படைப்பது நெல். காட்டில் பாடுபடுகிறவன் வயிற்றுக்குப் போவது குதிரைவாலியும் கம்பும். கரிசல் பக்கம் பெரியவர்கள் பேச்சைக் கவனித்தால் தெரியும். வெறுமனே 'சோறு' என்றால் கம்மஞ்சோறோ குதிரைவாலிச் சோறோதான். அரிசியைச் சொல்வதற்குத்தான் தனியாக 'நெல்லுச்சோறு' என்று ஒரு வார்த்தை! அது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளிக்கும்.

குதிரைவாலியின் பெருமை என்ன? கதிர் குதிரையின் வால் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். புரட்டாசியில் விதைத்தால் மூன்று, மூன்றரை மாதத்தில் தை மாசம் வீட்டுக்கு வந்துவிடும். மழை கொஞ்சம் ஏமாற்றினாலும் தாங்கும். உமியோடு வைத்தால் வருடக்கணக்கில் பூச்சி அண்டாது.

ஆனால், இந்த உமிதான் வில்லன்! கம்பு, சோளம், கேழ்வரகு மூன்றும் அடித்துத் தூற்றினால் உமி விட்டுப் போகும். குதிரைவாலி, சாமை, தினை, வரகு நான்கும் அப்படி அல்ல. கண்ணாடி மாதிரி வழுவழுப்பான, இறுகிய உமி. காய வைத்து, உரலில் போட்டு, இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட வேண்டும். சொளகில் புடைக்க வேண்டும். மறுபடி குத்த வேண்டும். காட்டு வேலை முடிந்து வந்த பிறகு, ராத்திரி சோற்றுக்கு இத்தனை பாடு! 'அந்தக் காலத்தில் என்ன ஆரோக்கியம்!' என்று பெருமூச்சு விடுகிறவர்களில் எத்தனை பேர் உலக்கை பிடித்தவர்கள்?

சிறுதானியங்கள் மறைந்த கதையில் முக்கியமான திருப்பம் இதுதான். நெல்லுக்கு அரைவை மில் வந்தது. குதிரைவாலிக்கு வரவில்லை! அரை மணி நேரத்தில் நெல்லை மூட்டையாக அரைத்துக் கொடுக்கும் இயந்திரம் பக்கத்து ஊரில் இருக்கும்போது, எந்தப் பெண் உலக்கையைத் தேடிப் போவாள்?

அடுத்தது அரசியல். இரண்டாம் உலகப் போரில், 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. ரேஷன் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் தட்டுப்பாடு தீரவில்லை. அப்போது 1949-ல் முதலமைச்சரானவர் யார் தெரியுமா? ராஜபாளையத்துக்காரர் பூ.ச.குமாரசாமி ராஜா! மழை பொய்த்த வருடங்கள், குறைந்துபோன ரேஷன், ஜனங்களின் கோபம். 1952 தேர்தலில் சோற்றுப் பிரச்னை பெரிதாக எதிரொலித்தது. முதலமைச்சராக இருந்தவர், சொந்தப் பகுதியான ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலேயே தோற்றுப்போனார். அடுத்து வந்த ராஜாஜி முதல் வேலைகளில் ஒன்றாக உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். 1967-ல் 'ரூபாய்க்கு ஒரு படி அரிசி' என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்ற உதவியது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய். 2011-ல் இலவசம்.

தப்பா? இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பண்டிகைக்கு மட்டும் நெல்லுச்சோறு பார்த்தவன் வீட்டில் தினமும் உலை கொதித்ததே, அது சின்ன விஷயம் அல்ல. பசியை விரட்டியது ரேஷன் அரிசிதான். ஆனால், அந்தக் கடைத் தராசில் குதிரைவாலிக்கு இடம் கிடைக்கவில்லை. விளைவித்தால் வாங்க ஆள் இல்லை. விதைக்கிறவர்கள் குறைந்தார்கள். பருத்தியும் மக்காச்சோளமும் நிலத்தைப் பிடித்துக்கொண்டன.

இந்தச் சமயத்தில், 1963-ல் கோவில்பட்டி அரசு வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார் ஒரு தஞ்சாவூர் இளைஞர். 1901-ல் கரிசலுக்கென்றே தொடங்கப்பட்ட பண்ணை அது. வானம் பார்த்த பூமிக்கு உரமும் வீரிய விதையும் விலை கொடுத்து வாங்கச் சொல்வது ஏழை விவசாயிக்குக் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி அவரைக் குடைந்தது. 1969-ல் வேலையை விட்டார். அவர்தான் நம்மாழ்வார்! அவர் பிற்பாடு ஊர் ஊராகப் போய்ப் பேசியதன் வேர், இந்தக் கரிசல் மண்ணில்தான் இருக்கிறது.

காலம் சுழன்றது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு வந்தது. 2018-ல் இந்திய அரசு சிறுதானியங்களுக்குச் 'சத்து தானியங்கள்' என்று பெயர் சூட்டியது. இந்தியா முன்மொழிய, 2023-ஐ 'சர்வதேச சிறுதானிய ஆண்டு' என்றது ஐ.நா. தமிழக அரசும் அதே வருடம் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தது. உமி நீக்கும் இயந்திரமும் ஒருவழியாக வந்து சேர்ந்தது.

சந்தோஷப்படுமுன் கினோவாவை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதைத் தேடித் தேடி வாங்க, 2006-க்கும் 2013-க்கும் நடுவில் விலை ஏறக்குறைய மூன்று மடங்கானது. மலை விவசாயி கையில் காசு புரண்டது. 'ஆஹா' என்று மற்றவர்களும் விதைத்துக் குவித்தார்கள். 2014-க்குப் பிறகு விலை தடாலென விழுந்தது. பணக்காரர்களின் பத்தியச் சாப்பாடாக மட்டும் ஒரு தானியம் இருந்தால் அதன் கதி இதுதான். மோகம் தீர்ந்ததும் விவசாயி நடுத்தெருவில்!

அப்படியானால் குதிரைவாலியைக் காப்பாற்ற என்ன வழி? மருந்தாக அல்ல, சோறாகச் சாப்பிடுவதுதான். அதற்குப் பொங்கத் தெரிய வேண்டுமே!

ஒரு உழக்கு குதிரைவாலியைக் கல் அரித்துக் கழுவி, அரை மணி நேரம் ஊறவையுங்கள். குக்கர் என்றால் இரண்டு உழக்கு தண்ணீர். பானை என்றால் இரண்டரை. கொதித்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். வெந்ததும் உடனே கிளறக் கூடாது, குழைந்துவிடும். பத்து நிமிஷம் பொறுங்கள். சூட்டோடு சாப்பிட வேண்டும், ஆறினால் இறுகும். மிச்சமானதில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் மோரும் சின்ன வெங்காயமுமாக ஜோராக இருக்கும்.

ரசம் ஊற்றிப் பொன்னி அரிசியின் ருசியை எதிர்பார்த்தால் முதல் நாளே ஏமாந்துபோவீர்கள். இதற்கு வேண்டியது கெட்டியான குழம்பு. கருவாட்டுக் குழம்பு, தட்டைப்பயறு போட்ட புளிக்குழம்பு, கடைந்த கீரை. பெரியவர்கள் அந்தச் சோற்றுக்கு இந்தக் குழம்பை ஜோடி சேர்த்தது சும்மா இல்லை.

கடையில் வாங்கும்போது நிறத்தையும் பாருங்கள். பளீர் வெள்ளையாக இருந்தால் உமியோடு தவிட்டையும் தீட்டி எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். சத்தில் பெரும்பகுதி தவிட்டில்தான். அது போனால் அரிசியைவிட்டு இதற்கு வந்ததில் பாதிப் பலன் போச்சு. கொஞ்சம் மங்கலாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால், விளைவித்தவரிடமே வாங்குங்கள். வரும் புரட்டாசியில் குதிரைவாலி விதைப்பதா, மக்காச்சோளமா என்று அவர் யோசிக்கும்போது, இந்த வருஷம் நீங்கள் கொடுத்த விலைதான் அவருக்கு ஞாபகம் வரும்.