முள்ளுக்குள் நிற்கும் குமிழித்தூம்பு

எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் கவைக்கம்பு இல்லாமல் யாரும் வேலிக்கருவைக் காட்டுக்குள் நுழைய மாட்டார்கள். ஒரு கையிலுள்ள கவையால் முள்கிளையை மேலே படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையிலுள்ள அரிவாளால் அடியில் ஓங்கிப் போட வேண்டும். காலில் டயர் செருப்பு. சாதாரண ரப்பர் செருப்பென்றால் முள் துளைத்துக்கொண்டு பாதத்துக்கே வந்துவிடும். என் பெரியப்பா அப்படி வெட்டிப் பிழைத்தவர். நான் வாத்தியார் வேலைக்குப் போய், ஓய்வு பெற்ற பிறகு கண்மாய் கண்மாயாகக் கல்வெட்டுத் தேடி அலைகிறவன். அதனால் வேலிக்கருவை என்கிற இந்தச் சீமைக்கருவேல மரத்தை அழிக்கும் கதையை இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

மெக்சிகோவிலும் கரீபியன் தீவுகளிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் இயற்கையாக வளரும் மரம் இது. 1876-இல் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் என்ற அதிகாரி விதை கேட்டு அரசுக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதை கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. மழை பொய்க்கும் பூமிக்கு வேலியும் விறகும் ஆகும் என்பதுதான் அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் ஆடும் மாடும் இனிப்பான நெற்றைத் தின்று, விதையைப் புழுக்கையோடும் சாணத்தோடும் போகிற இடமெல்லாம் போட்டுவிட்டுப் போயின. அதிலும் கால்நடை தண்ணீருக்கு இறங்கும் கண்மாய் உள்வாயில்தான் மரம் மண்டியது.

உள்வாய் அதற்கு முன்பே மேடேறத் தொடங்கியிருந்தது. ஊர் கூடி வண்டல் அள்ளிக் கரை உயர்த்தும் குடிமராமத்தைக் கட்டாயமாக்கி 1858-இல் கும்பினி அரசு சட்டமே போட்டது. சட்டம் போட்டுச் சொல்லும் அளவுக்குப் பழக்கம் தேய்ந்துபோயிருந்தது என்றுதான் அதை நான் படிக்கிறேன். மண்வெட்டி இறங்காத கண்மாயில் கருவை இறங்கியது.

அதன் பிறகு அதை வெட்டியவர்கள் கரிமூட்டக்காரர்கள். கமுதியிலும் சாயல்குடியிலும் மூட்டப் புகை இல்லாத கோடையை நான் பார்த்ததில்லை. விறகை நெருக்கமாக அடுக்கி, வைக்கோல் போட்டு, மேலே ஈரமண் பூசி, நெருப்பை உள்ளே விட்டு, எரியவும் விடாமல் அணையவும் விடாமல் நாள்கணக்கில் காப்பார்கள். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். ராத்திரியும் ஒரு கண் விழித்திருக்க வேண்டும். குச்சிக்கரியைவிடத் தூர்க்கரிக்கு விலை அதிகம், நின்று எரியும் என்பதால். விலை கிடைக்கிற இடங்களில் கடப்பாரை போட்டுத் தூரையும் தோண்டினார்கள். ஆனால் ஏலம் எடுத்த குத்தகைதாரருக்கு மரம் திரும்பத் தழைக்க வேண்டும். சில வருஷத்தில் அடுத்த வெட்டு வேண்டுமே! ஆகவே பெரும்பாலும் தரைக்கு மேலேதான் அரிவாள் விழுந்தது. அது அழிப்பு அல்ல, அறுவடை. ஒற்றைத்தண்டாக நின்ற மரம் வெட்ட வெட்டப் பத்துக் கிளையோடு புதராகப் படர்ந்தது இப்படித்தான்.

2017 தொடக்கத்தில், கருவையை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் ஜேசிபிகளும் ஹிட்டாச்சிகளும் ஒரே சமயத்தில் கண்மாய்களுக்குள் இறங்கின. சில மாதத்துக்குள் இடைக்காலத் தடையும் வந்தது. வண்டிகள் இறங்கிய வேகத்தைப் பார்த்து நான் பயந்துபோனேன், மரத்துக்காக அல்ல. பாண்டிய நாட்டுப் பழைய கண்மாய்கள் பலவற்றில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி, உள்வாயிலேயே தண்ணீர் திறந்துவிடும் குமிழித்தூம்பு நிற்கும். இரண்டு கல்தூண், குறுக்கே கற்சட்டம், அடியில் கல்தொட்டி. தொட்டியின் மேலே தண்ணீர் போகும் நீரோடித் துளை, கீழே வண்டல் வெளியேறும் சேறோடித் துளை. நீர்பாய்ச்சி முங்கிப் போய்த் துளையை அடைத்திருக்கும் குமிழிக்கல்லைத் தூக்குவார். தூணில் பல இடங்களில் கல்வெட்டு இருக்கும்: தூம்பு செய்து கொடுத்தவர் பெயர், ஊர்ப் பெயர். இதெல்லாம் ஆள் உயர முள்ளுக்குள் மறைந்து கிடக்கும்போது, இருபது டன் வண்டியின் ஓட்டுநர் எதைப் பார்த்துக் கை நீட்டுவார்? மரத்தோடு மண்ணும், மண்ணோடு கல்லும் பெயர்ந்து ஒரே குவியலாகும். அள்ளிய இடத்தில் ஆள் ஆழப் பள்ளம் விழும்.

சின்ன இயந்திரத்தின் மேல் எனக்குப் பிரியம் வந்தது இதனால்தான். 1970-ஐ ஒட்டி ஜப்பானில், நெருக்கமான ஊர்களில் வேலை செய்யப் பிறந்தது மினி எக்ஸ்கவேட்டர். சங்கிலிச் சக்கரம் என்பதால் முள் குத்திப் பஞ்சராவதில்லை. அதன் கை நுனியில் பக்கெட்டைக் கழற்றிவிட்டு, புதர் அரைக்கும் தலையை மாட்டலாம்: கிடையாகச் சுழலும் உருளை, அதில் தொங்கும் இரும்புச் சுத்திகள். கிளையின் மேல் இறக்கினால் முள்ளும் இலையும் சிம்பும் தூளாகித் தரையில் விழும். எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. பாறை உடைக்கும் பிரேக்கருக்கு எண்ணெய் ஒருபக்கமாகப் பாய்ந்தால் போதும். அரைக்கும் தலைக்கு மோட்டார் நிற்காமல் ஓடும் அளவு எண்ணெய் வேண்டும், திரும்பிவரத் தனிக் குழாயும் வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் கொதித்துப்போகும். கல் தெறிக்கும், ஆடு மேய்க்கிற பிள்ளைகளைத் தூரமாக விரட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஓட்டுநருக்கு முன்னே உடையாத தடுப்பு கட்டாயம். மணிக்கட்டுப் பருமன் வரைக்கும்தான் சின்னத் தலை தாங்கும். பெரிய தண்டுக்கு ரம்பம்.

அரைப்பதோடு வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரைத்த கருவை அடுத்த மழைக்கே தளிர் விடும். மொட்டுகள் தண்டின் அடியிலும் மண்ணுக்குச் சற்றுக் கீழேயும் இருக்கின்றன. இதன் உறவு மரம் ஒன்றின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில், ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். அவ்வளவு ஆழம் போக வேண்டியதில்லை. ஒரு முழத்துக்குள் தூரை அறுத்து எடுத்தால் மீதி வேர் செத்துவிடும். முதலில் அரைப்பு. பிறகு ஊர்ப் பெரியவர்களும் என்னைப் போன்றவர்களும் இறங்கி நடந்து, மடையும் தூம்பும் எல்லைக்கல்லும் இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு போட வேண்டும். அதற்குப் பிறகு குறுகலான பக்கெட்டை மாட்டி, தூர் தூராக எடுக்கலாம். தூரைக் கரிக்காரர்களிடம் கொடுத்துவிடலாம். காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். வெளியூர் வண்டி வந்து வாடகை வாங்கிப் போகிற வேலையில் மூட்டக்காரக் குடும்பங்களுக்கு இந்தப் பங்காவது மிஞ்ச வேண்டும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-இல் கொள்கை வகுத்தது. அகற்றும் வேலைக்கான ஒப்பந்தத்தில் ஏக்கர் எழுதுகிறார்கள், மணி எழுதுகிறார்கள். அரைப்புக்கும் தோண்டலுக்கும் நடுவே ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும் என்பதையும், மழை விழுந்த பிறகு முளைத்த கன்றுகளைக் கையால் பிடுங்க நூறு நாள் வேலைப் பெண்களை இரண்டு பருவம் இறக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினால் போதும். எங்கள் வட்டாரத்தில் இன்னும் முள் மூடிய கண்மாய்கள் நிறைய இருக்கின்றன.