உலகத்தின் மோசமான படமும் மூன்று பகிடிக்காரரும்

ஊரில் எண்பதுகளில் டெக்கும் ரி.வியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த ஆக்களுக்கு ஒரு விசயம் தெரியும். மூன்றாவது படம் ஓடும்போது பின்னுக்கு இருக்கிற யாரோ ஒருத்தர் கதாநாயகனுக்குப் பதில் சொல்லத் தொடங்குவார். பிறகு சனம் படத்துக்குச் சிரிக்காது, அவருக்குத்தான் சிரிக்கும்.

அந்த ஆளை வைத்தே அமெரிக்காவில் ஒரு ரி.வி நிகழ்ச்சி நடத்தினார்கள். 'மிஸ்ரறி சயன்ஸ் தியேட்டர் 3000' என்று பெயர். 1988 நவம்பரில் மினியாப்பொலிஸ் நகரத்து உள்ளூர் ரி.வி ஒன்றில் ஜோல் ஹொட்சன் என்ற பகிடிக்காரர் தொடங்கியது. விண்கலத்தில் அடைபட்ட ஒருவனுக்குக் கெட்ட விஞ்ஞானிகள் பழைய விஞ்ஞானப் படங்களையும் பேய்ப் படங்களையும் அனுப்பி வதைப்பார்கள். அவன் தானே செய்த இரண்டு ரோபோக்களோடு தியேட்டரில் இருந்து, ஓடுகிற படத்துக்குப் பகிடி விடுவான். திரையின் கீழே மூன்று பேரின் நிழல் மட்டும் தெரியும். கசெற்றுகளைக் கைமாற்றிக்கொண்டே இருங்கள் என்று நிகழ்ச்சியின் முடிவில் அவர்களே எழுதிப் போட்ட காலமும் உண்டு.

அப்படிக் கைமாறி வந்த ஒரு கசெற் எனக்கும் கிடைத்தது. இங்கே வந்த புதிதில், இரவு வேலையில் என்னோடு நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெடியன் தந்தது. 1993 ஜனவரி 30 இல் ஒளிபரப்பான 'மனோஸ்: த ஹான்ட்ஸ் ஒஃப் ஃபேற்' என்ற பகுதி. பகிடிகளில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் படத்தைப் பார்த்துச் சிரிக்க ஆங்கிலம் தேவைப்படவில்லை.

படத்தின் கதை சின்னது. சுற்றுலா போன ஒரு குடும்பம் வழிதவறிப் பாலைவனத்தில் ஒரு வீட்டுக்குப் போகிறது. அங்கே ரோர்கோ என்று ஒரு வேலைக்காரன். வீங்கின முழங்காலோடு தள்ளாடித் தள்ளாடி நடப்பான். அவனுடைய எசமான் பல பெண்சாதிகளோடு உறங்கிக் கிடக்கிற ஒரு பேய்ச் சாமியார். தொடக்கத்தில் கார் ஓடுகிறது, ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. கிளாப் பலகை ஒரு இடத்தில் அப்படியே தெரியும். இரவுக் காட்சிகளில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்த விட்டில்கள் நடிகர்களின் முகத்தில் மொய்க்கும். படத்தை அனுப்பிய விஞ்ஞானிகளே கடைசியில் மனம் பொறுக்காமல் ஜோலிடம் மன்னிப்புக் கேட்பார்கள்.

எடுத்தவர் ஹரோல்ட் வொறன். ரெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரத்தில் காப்புறுதியும் உரமும் விற்றவர். ஸ்ரேர்லிங் சிலிஃபன்ற் என்ற ஹொலிவூட் கதாசிரியரிடம், நானும் ஒரு படம் எடுத்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் பிடித்தார். 1966 இல் சுமார் 19,000 டொலர் சேர்த்தார். எழுத்து, இயக்கம், தயாரிப்பு, கதாநாயகன் எல்லாம் அவரே. கையால் சாவி முறுக்குகிற 16 மி.மீ. கமெரா. ஒரு முறுக்குக்கு 32 செக்கன்தான் ஓடும். ஒலிப்பதிவு கிடையாது. பிறகு ஒரு சில பேர் சேர்ந்து எல்லாருக்கும் குரல் கொடுத்தார்கள். நடித்தவர்களுக்குச் சம்பளம் இல்லை, லாபத்தில் பங்கு என்று பேச்சு. கூலி என்று கிடைத்தது மகளாக நடித்த ஆறேழு வயதுச் சிறுமி ஜக்கி நெய்மனுக்கு ஒரு சைக்கிளும், அவர்கள் வீட்டு நாய்க்கு ஒரு மூட்டை நாய்ச் சாப்பாடும்தான்.

1966 நவம்பர் 15 இல் எல் பாசோவில் முதற்காட்சி. வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு நீளக் கார் சுற்றிச் சுற்றி வந்து நடிகர்களை இறக்கியது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஊர்ச்சனம் சிரிக்கத் தொடங்கியது. திரையில் தன் வாய் அசைய, வளர்ந்த பெண் ஒருத்தியின் குரல் வருவதைக் கேட்டு ஜக்கி அழுதுவிட்டாள்.

ரோர்கோவாக நடித்த ஜோன் றெனோல்ட்ஸ் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. முதற்காட்சிக்கு ஒரு மாதம் முன்னம், ஒக்ரோபர் 16 இல், 25 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அவர் செய்தது ஆட்டுக்காலுள்ள, பாதி மனிதன் பாதி ஆடான பாத்திரம். அதற்காகத்தான் காலில் கம்பிச் சட்டம் கட்டி நடந்தார். படம் இதை ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

நான் வயிறு நோகச் சிரித்தது அந்த நடையைப் பார்த்துத்தான். கன காலம் கழித்து இந்த விபரத்தை வாசித்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. புது நாட்டில் என்ர ஆங்கிலத்துக்கு மற்றவர்கள் சிரித்த காலம் அது. நானும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து இன்னொருவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அதற்காக அந்த மூன்று பகிடிக்காரரையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. 1985 இல் வொறன் செத்தபோது இந்தப் படத்தைத் தேட ஆளில்லை. இவர்கள் முழுப்படத்தையும் இருந்து பார்த்துப் பகிடி விட்டதால்தான் உலகத்துக்கு அது தெரிய வந்தது. 2011 இல் பென் சொலோவே என்பவர் வாங்கின பழைய படச்சுருள்களுக்குள் இதன் மூலப் பிரதி கிடந்தது. அதைத் துப்புரவாக்க அவர் 10,000 டொலர் கேட்டார். இரசிகர்கள் 40,000 டொலருக்கு மேல் கொடுத்தார்கள். 2015 இல் புளூ-றே வந்தது. எசமானாக நடித்த ரொம் நெய்மன், ஜக்கியின் உண்மைத் தகப்பன். சிலைகள் செய்தவர் அவர்தான். அவர் 2016 இல் காலமாக முன்னம் தன் வேலையைச் சனம் கொண்டாடியதைக் கண்டார். அதே ஆண்டு ஜக்கி தன் கதையைப் புத்தகமாக எழுதினார். இந்த முறை குரல் அவருடையது.

பகிடிக்கும் அவமானத்துக்கும் இடையில் கோடு எங்கே என்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. கடைசி மட்டும் கூட இருந்து பார்த்தவனின் சிரிப்பு வேறு, வாசலில் நின்று சிரித்துவிட்டுப் போகிறவனின் சிரிப்பு வேறு என்பது மட்டும் விளங்குகிறது. அந்தப் பகுதியை இப்பவும் வருடத்தில் ஒருக்கால் பார்ப்பேன். சிரிப்பும் வருகிறதுதான். ரோர்கோ நடந்து வரும் இடத்தில் மட்டும், அந்தப் பெடியனின் காலைத்தான் பார்க்கிறேன்.