ஊதியமும் நேர்மையும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்க நாட்களில் ஆங்கிலேய எழுத்தருக்கு ஆண்டு ஊதியம் 5 பவுண்டு மட்டுமே. ஆகவே சொந்த வணிகமும் கையூட்டும் பெருகின. 1786இல் வங்காளம் வந்த காரன்வாலிஸ் பிரபு இதைச் சீர்செய்ய முனைந்தார். கலெக்டருக்கு மாதம் 1,500 ரூபாயும் வரிவசூலில் ஒரு பங்கும் அளித்து, சொந்த வணிகத்தைத் தடைசெய்தார். நிறைந்த ஊதியம் நேர்மையைக் காக்கும் என்பது அவர் துணிபு.

ஆயினும் இந்தியருக்கு உயர்பதவிக் கதவுகள் அடைபட்டன. சமயமோ நிறமோ தடையன்று என 1833ஆம் ஆண்டுச் சட்டம் மொழிந்தும், இலண்டன் தேர்வில் முதல் இந்தியராகச் சத்தியேந்திரநாத் தாகூர் வென்றது 1863இல்தான்.

வெள்ளையர் தவற்றுக்குக் காரணம் குறைந்த கூலி. இந்தியர் தவற்றுக்கோ பிறவிக்குணம்! ஒரே குற்றத்திற்கு இரு அளவுகோல்கள் வைத்த இத்தீர்ப்பை நாம் எங்ஙனம் நீதி என்போம்?